ஊருக்குத் தெரிந்த திறப்பு

கல்முனை பசாரில் எனக்கும் பஸ்லியாவுக்கும் ஒரே கடைதான். முன்பாதியில் நான் போட்டோக்கொப்பி மெசினோடு நிற்பேன். பின்பாதியில், ஒரு பலகைத் தட்டிக்கு அப்பால், அவர் பழுதான கம்பியூட்டர்களோடு இருப்பார். பெயர்ப்பலகையில் 'ஜவுபர்' என்று என் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைக் கடந்து நேரே உள்ளே போய்விடுகிறார்கள். எட்டு வருடமாக இதைப் பார்க்கிறேன். பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

அவருடைய ஊர் இறக்காமம். தினமும் காலையில் பஸ்ஸில் வருவார். சில நாட்கள் பிந்தி வந்து, "ஆன மறிச்சிட்டு" என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். எத்தனை யானை, எவ்வளவு நேரம், பயமாக இருந்ததா என்றெல்லாம் கேட்க எனக்கு ஆசையாக இருக்கும். அவர் கணவர் வயல் செய்கிறவர். யானைக்குக் காவல் இருப்பதே அந்த மனிதருக்குப் பாதி வேலை. அதனால் அவர்கள் வீட்டில் யானை ஒரு செய்தியே இல்லை.

பஸ்லியாவிடம் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி இருக்கிறது. எந்த வேலையைத் தொட்டாலும், என்ன செய்தேன், என்ன நடந்தது என்று அதில் எழுதுவார். எழுதி வைக்காத முயற்சி முயற்சியே இல்லை என்பது அவர் கொள்கை. ஒரு பக்கம் முழுவதும் 'சரிவரவில்லை' என்று இருந்தாலும் அடுத்த பக்கத்தைத் திருப்புவாரே தவிர, கொப்பியை மூடமாட்டார். அந்தப் பிடிவாதம் சில நேரம் எனக்கு எரிச்சலூட்டும். ஆனால் அது மட்டும் இல்லாவிட்டால் சுபைறாவின் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சுபைறா சாய்ந்தமருதில் தையல் வேலை செய்கிறவர். நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாவது கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்னா என்ற இளம் பெண்ணோடு கடைக்கு வந்தார். அப்னாவின் கையில், பழைய பனியன் துணியில் சுற்றிய செங்கல் அளவான ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. அப்னாவை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் முன்பு காதி நீதிபதியாக இருந்த கச்சிமுகம்மதுவின் மகள். அவர் காதியாவதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், எங்களுக்கெல்லாம் 'சேர்'. ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வராததற்கு அவர் எந்த விதத்திலும் பொறுப்பில்லை.

வந்த விசயத்தைச் சுபைறாவே சொன்னார். அழவில்லை. பலமுறை சொல்லிப் பழகியவரின் நிதானம் அவர் குரலில் இருந்தது.

"எண்ட மாப்பிள கட்டாருக்குப் போய் மூணு வருசம் ஒரு பேச்சு மூச்சு இல்ல. நான் காதியாரிட்டப் போய் நிண்டன். ரெண்டாயிரத்திப் பன்ரெண்டுல பஸஹ் தந்து விட்டாரு. இப்ப அந்தாள் திரும்பி வந்து, அப்பிடி ஒண்டும் நடக்கல்ல, இவ இன்னும் எண்ட பொஞ்சாதிதான் எண்டு செல்றாரு. எனக்கு வேற இடத்துல கலியாணம் பேசி முடிஞ்சிட்டு. புதுக் காதியார் பதிவைக் காட்டச் செல்றார். நான் என்னத்தக் காட்டுற?"

பஸஹ் என்றால் கணவன் கைவிட்ட பெண்ணுக்கு காதி கொடுக்கும் மணவிடுதலை. அந்த வருடத்துப் பதிவேடு கச்சிமுகம்மதுவின் முன்னறையில் இருந்தது. வெள்ளம் வந்தபோது ஊறி, ஒட்டி, பலகை போலாகிவிட்டது. சுபைறாவிடம் இருந்த பிரதியும் அதே வெள்ளத்தில் போனது. இன்னோர் அலுவலகத்தில் இருக்க வேண்டிய பிரதி அங்கே இல்லை. தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட மூன்று ஜூரிமாரும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது இந்த டிஸ்க் மட்டும். வெள்ளத்துக்கு முன்பே காதியார் ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து இதில் சேர்த்து வைத்திருந்தார்.

"வாப்பா அதப் பூட்டி வச்சிரிக்கார்," என்றாள் அப்னா. "ஊராட வூட்டுப் பிரச்சினை எல்லாம் இதுக்குள்ள கெடக்கு, கண்டவன் பாக்கப்படாது எண்டு. ஒலுவில் கெம்பஸ்ல படிச்ச மச்சான் ஒருத்தர்தான் பூட்டுறதுக்குப் பழக்கிக் குடுத்த. அவருக்கும் அந்தச் சொல்லுத் தெரியா."

"வாப்பாட்டக் கேட்டயா?" என்றார் பஸ்லியா.

"அவருக்கு போன வருசம் வாதம் வந்தது, ராத்தா. வலப்பக்கம் ஏலா, கதையும் இல்ல. கேட்டா சிரிக்கார். இடக்கை விரல மெத்தையில நகத்துறார், டைப் பண்ணுற மாதிரி. கீபோர்டக் கொண்டு வச்சம், தள்ளிப் போட்டார்."

டிஸ்கின் முதுகில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருந்தது. காதியாரின் அழகான கையெழுத்தில், 'திறப்பு: ஊருக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தது. திறப்பு என்று அவர் சொன்னது பூட்டின் சாவியான அந்தச் சொல்லை.

பஸ்லியா அதை இரண்டு தரம் வாசித்தார். "விசாரணை எப்ப?"

"வாற சனி," என்றார் சுபைறா.

"சனிக்கு முதல் தாறன்," என்றார் பஸ்லியா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் டிஸ்கைச் செருகிக்கூடப் பார்க்கவில்லை.

செருகிப் பார்த்தபோது அது கம்பியூட்டருக்கே தெரியவில்லை. அவர் முகம் மாறவில்லை. மேற்பெட்டியைக் கழற்றினார். உள்ளே டிஸ்கைக் கம்பியூட்டரோடு சேர்க்கும் சிறிய பலகை துருப்பிடித்துச் செத்திருந்தது. டிஸ்கை வெளியே எடுத்து வேறு வயரில் நேரே பூட்டினார். சுற்றியது. ஆனால் பல்லி கத்துவது போல் இடையிடையே ஒரு சத்தம் வந்தது.

"இதுக்கு ஆயுள் கொஞ்சம்தான்," என்றார். "இதுல நேரே கை வைக்கப்படாது. முதல்ல முழுசா ஒரு பிரதி எடுத்து, அதுலதான் வேலை."

பிரதி எடுக்க இரண்டரை நாள் போனது. மின்விசிறியை எங்களிடமிருந்து திருப்பி டிஸ்குக்கு வைத்தார். சித்திரை வெயிலில் நாங்கள் இருவரும் வேர்த்து வழிய, அது மட்டும் சுகமாகக் காற்று வாங்கியது. வாசிக்க முடியாத இடம் வந்தால் தாண்டிப் போய், மற்றதையெல்லாம் முடித்துவிட்டுத் திரும்ப வந்து அந்த இடத்தைத் தட்டிப் பார்க்கும்படி வைத்திருந்தார். கடைசியில் நான்கு சின்ன இடங்கள் மட்டும் வாசிக்க முடியாமல் போயின. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பிரதி தயார்.

அதில் ஒரே ஒரு பெரிய கோப்பு இருந்தது. அதன் பெயர் இங்கிலீஷில் ஜி, ஜே, பி, டி என்று நான்கு எழுத்து. அப்னாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் பஸ்லியாவுக்கும் பார்த்தவுடன் விளங்கியது. கலியாணக் காட் அடிக்கிற எங்களைப் போன்றவர்களுக்குப் பாமினி எழுத்துரு சோறு தண்ணி மாதிரி. அதில் தமிழ் அடிக்க ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இங்கிலீஷ் விசை. ஜி, ஜே, பி, டி என்று அடித்தால் 'பதிவு' என்று வரும்.

"வாப்பா பாமினியில அடிக்கிறவர்," என்றார் பஸ்லியா. "அப்ப அந்தச் சொல்லும் பாமினியா இரிக்கலாம்."

அந்தப் பூட்டைச் செய்த மென்பொருளை அதைச் செய்தவர்களே கைவிட்டுப் பல வருடம். பழைய பதிப்பு ஒன்றை எங்கோ தேடி எடுத்து, பழைய லெப்டொப் ஒன்றில் ஏற்றினார். பிறகு சீ.ஆர். கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி மூன்று நிரல்கள் கீறினார். ஒவ்வொரு சொல்லையும் மூன்று விதமாக அடித்துப் பார்க்க வேண்டும்: இங்கிலீஷில் சிறிய எழுத்தில், பெரிய எழுத்தில், பாமினி விசைகளில்.

சொற்களை அப்னா சொன்னாள். ஊருக்குத் தெரிந்தவை என்று தன் வாப்பாவைப் பற்றி ஒரு மகளுக்குத் தோன்றுகிற எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிவாசலின் பெயர், அவர் படிப்பித்த பாடசாலை, குடும்பத்தின் குடிப்பெயர், வீட்டு ஒழுங்கையின் பெயர், மௌத்தான உம்மாவின் பெயர், கடைசியில் தன் பெயர். பஸ்லியா ஒவ்வொன்றையும் எழுதி, மூன்று தரம் அடித்து, மூன்று தரம் 'இல்லை' போட்டார். புதன் முழுவதும் அப்படிப் போனது. நூற்று நாற்பது சொற்கள்.

இப்போது நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்த ஒட்டுத்தாளை வாசித்த நிமிடமே எனக்கு ஒரு சொல் வந்துவிட்டது. கல்முனையில் என் வயதுக்காரர் யாரிடம் கேட்டாலும் அதே சொல்தான் வரும். எங்கள் ஊரில் பெரிய மனிதர்களுக்குப் பட்டப்பெயர் இருக்கும். பெயருக்குரியவர் காதிலும் அவர் பிள்ளைகள் காதிலும் விழாமல் அதை ஊரே பாவிக்கும். அது ஓர் ஒழுங்கு. கச்சிமுகம்மது சேர் வகுப்புகளின் ஜன்னலோரமாக, சுவருக்கு முதுகைக் கொடுத்து, பக்கவாட்டில் நகர்ந்து வந்து, யார் கதைக்கிறார்கள் என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அதனால் அவர் பெயர் நண்டு சேர். பிறகு காதியானதும் நண்டுக்காதி. அவர் தீர்ப்புச் சொன்ன வீடுகளில்கூட, அவர் போன பிறகு அப்படித்தான் சொன்னார்கள்.

அந்தப் பெயரை வைத்தவன் நான். ஒன்பதாம் வகுப்பு, பின்வரிசை, மூன்றாவது மேசை. முப்பத்தெட்டு வருடமாக யாருக்கும் சொன்னதில்லை.

சேர் எனக்கு நன்மை செய்தவர். இந்தக் கடையை எடுப்பதற்காக எனக்காக வந்து கதைத்ததும் அவர்தான். அவர் மகள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜவுபர் நானா, ஒங்களுக்கு ஏதும் தோணுதா?" என்று கேட்கிறாள். பஸ்லியாவும் கேட்டார். இறக்காமத்துக்காரிக்கு எங்கள் ஊர்ப் பட்டப்பெயர் எப்படித் தெரியும்? "தெரியா," என்றேன் இருவருக்கும். ஒரு மனிதர் தன்னைத் தானே நண்டு என்று பூட்டுக்குப் போடுவாரா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியவே தெரியாது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

வியாழன் பகல் சுபைறா வந்தார். தைத்த சட்டைகள் இரண்டைக் கொடுத்துவிட்டு வரும் வழி. கதிரையில் உட்காரவில்லை. கொப்பியின் 'இல்லை'களை நின்றபடியே பார்த்தார்.

"நேத்து அந்தாள் எங்கட வூட்டு வாசல் படலைக்கு வந்திட்டார்," என்றார். "எண்ட பொஞ்சாதிட வூட்டுக்குள்ள நான் வாறதுக்கு ஆர்ட அனுமதி வேணும் எண்டு கேக்கார். உம்மா கதவப் பூட்டிட்டா. சனிக்கிழம ஒண்டும் காட்ட இல்லாட்டி, மறுகா கதவப் பூட்டவும் ஏலா."

அவ்வளவுதான். போய்விட்டார். என் மரியாதையைக் காப்பாற்ற நான் அந்தப் பெண்ணின் படலையைத் திறந்து விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

அப்னா லுஹர் தொழப் போன நேரம் பார்த்து, கறுத்து வீணாய்ப்போன போட்டோக்கொப்பித் தாளின் பின்பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதி, தட்டியின் கீழால் பஸ்லியாவிடம் தள்ளினேன். வாயால் சொல்ல அப்போதும் தைரியம் வரவில்லை.

"இது என்ன, நானா?"

"ஊர்ல அவருக்குச் செல்ற பேர்."

"எப்ப இருந்து தெரியும்?"

நான் மெசினைத் துடைத்தேன்.

"நாலு நாள், நானா," என்றார் பஸ்லியா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "நூத்தி நாப்பது சொல்லு அடிச்சிரிக்கன். நீங்க அங்க நிண்டு பாத்திட்டு இரிந்தீங்க."

அவர் அதைக் கொப்பியில் நூற்று நாற்பத்தோராவது வரியாக எழுதினார். முதல் நிரல், இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது, பாமினி: ஈ, செட், அரைப்புள்ளி, பெரிய எல் என்று தொடங்கிப் பத்து விசைகள்.

இல்லை.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. சேருக்குத் தெரியாது, நான் தப்பினேன் என்ற நிம்மதி. சுபைறாவின் முகம் நினைவுக்கு வர எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பஸ்லியா 'இல்லை' என்று எழுதப் போன பேனையை நிறுத்தினார். ஒட்டுத்தாளைப் பார்த்தார், என் தாளைப் பார்த்தார். "இந்தச் சொல்லு அந்த எழுத்துக்குச் சரியாப் பொருந்துது," என்றார் தனக்குத் தானே. "சொல்லு பிழையா, பூட்டுப் பிழையா எண்டு நான் பாக்கல்லயே."

பிரதியின்போது வாசிக்க முடியாமல் போன நான்கு இடங்களின் குறிப்பை எடுத்து, பெரிய கோப்பு தொடங்கும் இடத்தோடு ஒப்பிட்டார். முதலாவது சேதம் அந்தக் கோப்பின் வாசலிலேயே இருந்தது. திறப்பைச் சரிபார்க்கும் தலைப்பகுதி அங்கேதான் இருக்கும். அது கெட்டிருந்தால் சரியான சொல்லைக் கொடுத்தாலும் பிழை என்றே சொல்லும். இரண்டு நாளாக நாங்கள் துருப்பிடித்த பூட்டுக்குள் திறப்புகளைத் திணித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சிவப்புப் பேனை எடுத்து, 'முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பிழை என்னுடையது' என்று எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இந்த வகைப் பூட்டுக்குக் கடைசியில ஒரு மேலதிகத் தலைப்பு வச்சிரிப்பாங்க. அது நல்லாயிரிந்தா போதும். இல்லாட்டி நூத்தி நாப்பத்தொண்டையும் மறுபடி முதல்ல இருந்து யோசிப்பம்."

கோப்பின் கடைசியில் இருக்கும் தலைப்பைப் பாவிக்கச் சொல்லிவிட்டு, அதே பத்து விசைகளை மெதுவாக அடித்தார். லெப்டொப் யோசித்தது. அந்தப் பழைய பெட்டி யோசிக்கிற நேரத்தில் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கலாம். பிறகு திரையில் ஒரு புதிய சாளரம் திறந்தது. அதற்குள் வருடம் வருடமாகக் கோப்புறைகள்.

அப்படியென்றால் சேருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடமாகத் தெரியுமோ.

தொழுதுவிட்டு வந்த அப்னா திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "என்ன சொல்லு, ராத்தா?"

"அது வாப்பாட திறப்பு," என்றார் பஸ்லியா. "அவருக்கு முன்னாலதான் செல்லலாம்."

அந்த டிஸ்கில் ஊரின் பாதிக் குடும்பங்கள் இருந்தன. நான் எட்டிப் பார்த்தேன், மறைக்கவில்லை. பஸ்லியா திரையை என்னிடமிருந்து திருப்பினார். பன்னிரண்டாம் வருடம், சுபைறாவின் பெயர், ஒரே ஒரு பக்கம். அதை மட்டும் எடுத்து, என் மெசினுக்கு அனுப்பிவிட்டு, பூட்டை மறுபடி பூட்டினார். காதியாரின் கையெழுத்தும் முத்திரையும் மூன்று ஜூரிமாரின் கையெழுத்தும் தெளிவாக இருந்தன.

சனிக்கிழமை காலை புதுக் காதியார் விசாரணையைத் தொடங்கினார். பஸ்லியாவும் நானும் சாட்சிகள். சுபைறாவின் பழைய மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையும் வாசனையுமாக வந்திருந்தார். தாளைப் பார்த்ததும் சிரித்தார்.

"கம்பியூட்டர்ல என்னத்தத்தான் செய்ய ஏலா? இது நேத்துச் செஞ்ச சாமான்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. புதுக் காதியார் யோசித்தார். கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். "எழும்புங்க, அவரிட்டயே போவம்," என்றார்.

கச்சிமுகம்மது சேர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்துவிட்டார், ஆனால் அந்த ஒற்றைக் கண் பார்வை அப்படியே இருந்தது. புதுக் காதியார் தாளைக் காட்டி, "இது நீங்க குடுத்த தீர்ப்பா?" என்றார். சேர் தலையை அசைத்தார்.

"அவருக்கு நெனவு இரிக்கா?" என்றார் மாப்பிள்ளை. "எதக் காட்டினாலும் தலையாட்டுவார்."

சுபைறா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் வெளுத்திருந்தது. பஸ்லியா ஓர் அடி முன்னே வந்தார்.

"காதியார், இந்தப் பெட்டிக்கு அவர் போட்ட திறப்பு ஒரு சொல்லு. நாங்க மூணு சொல்லுச் செல்லுவம். எது எண்டு அவர் காட்டட்டும். நெனவு இல்லாட்டி மூணுக்கும் தலையாட்டுவார்தானே."

புதுக் காதியார் சம்மதித்தார். பஸ்லியா பள்ளிவாசலின் பெயரைச் சொன்னார். சேர் தலையை இடம் வலமாக ஆட்டினார். "அப்னா," என்றார். சேர் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி இல்லை என்றார்.

"மூணாவத ஜவுபர் நானா செல்லுவார்," என்றார் பஸ்லியா.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பேரப்பிள்ளை இருக்கிறது. அந்த நிமிடம் நான் மறுபடி ஒன்பதாம் வகுப்பின் பின்வரிசைக்குப் போய்விட்டேன். அப்னா என்னைப் பார்க்கிறாள். காதியார் பார்க்கிறார். சுபைறா மட்டும் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னைப் பேச வைத்தது.

"நண்டுக்காதி," என்றேன். "சேர், என்ன மன்னிக்கணும். அந்தப் பேர் வச்சது நான்."

அப்னா வாயைப் பொத்தினாள். சேர் என்னையே பார்த்தார். பிறகு அவருடைய இடக்கை மெத்தையில் எழுந்து நின்றது. விரல்களைக் கால்களாக்கி, அது மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. இத்தனை மாதமும் அப்னா டைப் பண்ணுகிறார் என்று நினைத்தது அதைத்தான். நண்டு கட்டில் விளிம்புவரை வந்து, என் கையைக் கண்டு நின்றது. இரண்டு விரல்கள் விரிந்து என் கையைப் பிடித்து, அந்தக் காலத்தில் கிள்ளுவது போலவே கிள்ளின. நோவு கண்ணுக்குள் போனது. சேரின் வாயின் ஒரு பாதி சிரித்தது, மறு பாதியால் முடியவில்லை.

புதுக் காதியார் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளை மடியில் வைத்து எழுதினார். எழுதி முடியும்வரை சுபைறா அசையவில்லை. பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, இண்டையில இரிந்து நான் அவர்ட பொஞ்சாதி இல்லத்தானே, காதியார்?"

"இண்டையில இரிந்து இல்ல, தங்கச்சி," என்றார் அவர். "பதிமூணு வருசமா இல்ல."